3எஸ் போட்டால் மட்டும் நாலாவது நிமிடத்தில் ரிமோட் டிரக் நின்றுவிடுகிறது: எங்கே தேடுவது?

மண்தடம்:
வணக்கம் எல்லோருக்கும். ஒரு வாரமாக என்னைத் தூங்கவிடாத பிரச்சினை இது. வண்டி 1/10 அளவு, நாலு சக்கரமும் இழுக்கும் டிரக். சென்சார் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார், 60 ஆம்பியர் இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி). 2எஸ் லிபோ, அதாவது இரண்டு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி, போட்டால் அது தீரும்வரை ஒரு குறையும் இல்லை. 3எஸ், அதாவது மூன்று செல், போட்டால் முதல் மூன்று நாலு நிமிடம் பறக்கிறது. அப்புறம் வளைவில் திருப்பி த்ராட்டிலை இழுக்கும்போது சட்டென்று செத்துவிடுகிறது. ஓரிரு நொடி கழித்துத் தானாகவே உயிர் வருகிறது. ஐம்பது அடி போனதும் மறுபடி அதே கதை.

இதுவரை செய்தது: ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவரை மாற்றி, ரிமோட்டோடு புதிதாக இணைத்தேன் (பைண்ட்), மாற்றம் இல்லை. 3எஸ் பேட்டரிதான் கெட்டது என்று நினைத்து இன்னொன்று வாங்கினேன், அதிலும் அப்படியே. இப்போது இஎஸ்சி மாற்றலாம் என்று இருக்கிறேன். அதற்கும் செலவழிக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமே என்றுதான் எழுதுகிறேன்.

நாலாம்கியர்:
பேட்டரிதான் என்று எனக்கும் முதலில் தோன்றுகிறது. புதிது என்பதற்காக நல்லது என்று சொல்லிவிட முடியாது. முழுதாக சார்ஜ் ஏற்றியதும் பேலன்ஸ் வயரில் (ஒவ்வொரு செல்லிலிருந்தும் வரும் சின்ன வயர்) மூன்று செல்லையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். மூன்றும் 4.2 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். பிறகு ஓட்டி, செத்த உடனே திரும்ப அளங்கள். இரண்டு செல் 3.8இல் நிற்க, ஒன்று மட்டும் 3.4க்கு இறங்கியிருந்தால் அந்தச் செல்தான் வண்டியைக் கீழே இழுக்கிறது. உங்கள் சார்ஜர் உள்மின்தடையைக் காட்டுமானால் அதையும் குறித்து வையுங்கள். ஒரு செல் மற்ற இரண்டைவிட இரண்டு மடங்கு காட்டினால் அந்த பேக்கை நம்பாதீர்கள்.

ஈயக்கம்பி:
மண்தடம், எதையும் வாங்காதீங்க, கொஞ்சம் பொறுங்க. "செத்துவிடுகிறது"ன்னு எழுதியிருக்கீங்க. அந்த ஒரு சொல்லுக்குள்ள மூணு வேற வேற நோய் ஒளிஞ்சிருக்கு. எதுன்னு தெரியாம பாகத்தை மாத்தினா மாத்திக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.

முதல் வகை: மோட்டார் மட்டும் இழுக்காது, ஸ்டியரிங் நல்லா திரும்பும். அப்படின்னா இஎஸ்சி தானா முடிவு பண்ணித்தான் மோட்டாரை நிறுத்துது. ஒண்ணு பேட்டரி வோல்ட் குறைஞ்சிருச்சுன்னு நினைக்குது, இல்லேன்னா தான் சூடாயிட்டோம்னு நினைக்குது.

ரெண்டாவது வகை: ஸ்டியரிங்கும் சேர்ந்து போயிடும், ரிசீவர் விளக்கு அணைஞ்சு இல்லேன்னா சிமிட்டித் திரும்ப வரும், ஆனா இஎஸ்சி தன்னோட விளக்கை விடாது. இது ரிசீவருக்குப் போற மின்சாரம் சரியுறது. பிஇசியைத்தான் பார்க்கணும், அதாவது இஎஸ்சிக்குள்ள இருந்து ரிசீவருக்கும் ஸ்டியரிங்குக்கும் மின்சாரம் கொடுக்கிற பகுதி.

மூணாவது: எல்லாமே போகும், திரும்ப வரும்போது மோட்டார்ல இருந்து, பேட்டரி மாட்டினவுடனே கேக்குற அந்தப் பீப் சத்தம் வரும். இஎஸ்சிக்கே மின்சாரம் அறுந்து திரும்ப வந்திருக்குன்னு அர்த்தம். பிளக், ஈயப் பற்று, சுவிட்ச், பேட்டரி உள்ளே இருக்குற தகடு, இதுல ஒண்ணு.

உங்களுடையது எது? பாடியைக் கழட்டிட்டு, விளக்கு தெரியுற மாதிரி ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்லுங்க.

மண்தடம்:
இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறேன். இரண்டாவது வகை. ஸ்டியரிங்கும் போகிறது. ரிசீவர் விளக்கு அணைந்து, வேகமாகச் சிமிட்டி, பிறகு நிலையாக எரிகிறது. பீப் சத்தம் இல்லை. நாலாம்கியர் சொன்னபடி செல்களையும் அளந்தேன். செத்த உடனே 3.86, 3.85, 3.86. பேட்டரியில் குறை இல்லை போலிருக்கிறது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். போன மாதம் ஸ்டியரிங் சர்வோவை, அதாவது முன்சக்கரங்களைத் திருப்பும் குட்டி மோட்டாரை, மாற்றினேன். பழையது பல் உடைந்துவிட்டதால் 25 கிலோ முறுக்குவிசை சர்வோ போட்டேன். ஆனால் 2எஸ்ஸில் அது நன்றாகத்தானே வேலை செய்கிறது?

பாறைப்பல்லி:
சர்வோதான்! நான் பாறை ஏறும் வண்டியில் இதே அவஸ்தையைப் பட்டிருக்கிறேன். ரிசீவரில் காலியாக இருக்கும் சேனலில் 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைச் செருகுங்கள். 10 வோல்ட் தாங்குவது போதும், பிளஸ் மைனஸ் மட்டும் மாறக் கூடாது. எனக்கு அதோடு தீர்ந்தது.

ஈயக்கம்பி:
பாறைப்பல்லி சொல்றது உங்க வண்டிக்கு நடந்திருக்கும், மறுக்கல. ஆனா மண்தடத்தோட வண்டியில அது நிக்காது. கணக்கு போட்டுப் பாருங்க. 4700 மைக்ரோஃபாரட் ஒரு வோல்ட் இறங்குற வரைக்கும் கொடுக்கிறது 4.7 மில்லிகூலம் மின்னூட்டம். சர்வோ 3 ஆம்பியர் இழுத்தா அது ஒண்ணரை மில்லிநொடிக்கு மேல வராது. சர்வோ கிளம்புற அந்தக் கண்ணிமைப்புக்கு அது உதவும். அதுக்குத்தான் அது நல்ல மருந்து. நாலு நிமிஷம் ஓடின பிறகு வர்ற நோய்க்கு இல்ல.

அந்த நாலு நிமிஷமும், 3எஸ்ல மட்டும் வர்றதும்தான் இங்க முக்கியத் துப்பு. மண்தடம், இஎஸ்சி மேல ஒட்டியிருக்குற தாள்ல பிஇசின்னு ஒரு வரி இருக்கும். அதை அப்படியே இங்க எழுதுங்க.

மண்தடம்:
"பிஇசி: 6 வோல்ட், 2 ஆம்பியர், லீனியர்" என்று இருக்கிறது.

ஈயக்கம்பி:
அதேதான். லீனியர் பிஇசி எப்படி வேலை செய்யும்னு தெரிஞ்சா மீதி தானா விளங்கும். அது மிச்ச வோல்ட்டை வேற எதாவும் மாத்தாது, சூடா எரிச்சுத் தள்ளும். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்.

முழு சார்ஜ்ல 2எஸ் 8.4 வோல்ட். 6 வோல்ட் கொடுக்கணும்னா 2.4 வோல்ட்டை எரிக்கணும். சர்வோ 2 ஆம்பியர் இழுக்கும்போது 4.8 வாட் சூடு. 3எஸ் 12.6 வோல்ட். எரிக்க வேண்டியது 6.6 வோல்ட். அதே 2 ஆம்பியருக்கு 13.2 வாட். அதே சர்வோ, அதே ரிசீவர், ஆனா பிஇசி மேல விழுற சூடு கிட்டத்தட்ட மூணு மடங்கு. அந்தச் சின்ன சிப் இஎஸ்சி பெட்டிக்குள்ள, ஏற்கனவே மோட்டாரால சூடான பலகை மேல உக்காந்திருக்கு. நாலு நிமிஷத்துல எல்லையைத் தொட்டதும் தன்னைக் காப்பாத்திக்க அணைஞ்சுக்குது, ஆறினதும் திரும்ப வருது. உங்க 3எஸ் பேட்டரிங்க ரெண்டும் நல்லதாத்தான் இருக்கும்.

பழைய சர்வோ இவ்வளவு இழுத்திருக்காது. 25 கிலோ சர்வோ சிக்கிக்கிட்டு நின்னா 2 ஆம்பியரோட நிக்காது, சிலது அதுக்கு மேலயும் இழுக்கும்.

நாலாம்கியர்:
என் ஊகம் தவறுதான். ஆனாலும் ஒரு கேள்வி. இதை ஊகமாக இல்லாமல் உறுதி செய்துகொள்ள வழி உண்டா? இதைப் படித்துவிட்டு, மண்தடம் நாளைக்கு இன்னொரு பாகம் வாங்கி அதுவும் வீணாகிவிடக் கூடாது.

ஈயக்கம்பி:
நல்ல கேள்வி. செலவில்லாத ஒரு சோதனை இருக்கு. மோட்டாருக்குப் போற மூணு வயரையும் இஎஸ்சியில இருந்து கழட்டி, ஒவ்வொரு முனையையும் தனித்தனியா டேப் சுத்தி, ஒண்ணோட ஒண்ணு தொடாம வையுங்க. 3எஸ் மாட்டுங்க. வண்டியைச் சொரசொரப்பான தரையில நாலு சக்கரமும் ஊனி நிக்க வைச்சு, ஸ்டியரிங்கை மட்டும் இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரை விடாம திருப்பிக்கிட்டே இருங்க. மோட்டார் மின்சாரமே கிடையாது. அப்பவும் ரிசீவர் செத்தா, பேட்டரி, பிளக், மோட்டார், கியர் எல்லாத்தையும் ஒரே நேரத்துல குற்றவாளிப் பட்டியல்ல இருந்து நீக்கிடலாம்.

மல்டிமீட்டர் இருந்தா ரிசீவரோட காலி சேனல்ல பிளஸ், மைனஸ் ரெண்டுலயும் வைச்சுப் பாருங்க. ஒரு எச்சரிக்கை: சாதாரண மீட்டர் மெதுவானது. 5 வோல்ட்னு அது காட்டுற நேரத்துல உள்ளே கண நேரம் 3.5க்குக் கீழ போயிருக்கலாம். மீட்டர்ல மினிமம் பிடிச்சு வைக்கிற வசதி இருந்தா அதைப் போட்டுக்குங்க.

மழைவண்டி:
நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும், என் பிரச்சினை வேறு. பழைய பிரஷ் மோட்டார் டிரக். த்ராட்டிலை இழுக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் நடுங்குகிறது. மெதுவாகப் போனால் இல்லை. ரிசீவர் அருகே மோட்டார் வயர் போகிறது. இதுவும் பிஇசியா?

பாறைப்பல்லி:
இதற்கு நான் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே கெப்பாசிட்டர்தான் மருந்து. ஆனால் ரிசீவரில் அல்ல, மோட்டாரில். பிரஷ் மோட்டார் உள்ளே தீப்பொறி பறந்துகொண்டே இருக்கும், அதிலிருந்து வரும் இரைச்சல் ரிசீவருக்குத் தொல்லை. மோட்டாரின் பின்பக்கம் மூன்று குட்டி கெப்பாசிட்டர் இருக்க வேண்டும். 104 என்று எழுதியிருக்கும், 0.1 மைக்ரோஃபாரட். இரண்டு முனைக்கும் குறுக்கே ஒன்று, ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டாரின் இரும்பு உடம்புக்கு ஒன்று. கால் ஒடிந்தோ பற்று விட்டோ இருக்கிறதா பாருங்கள். உடம்பில் பற்றும் முன் அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஈயம் ஒட்டாது. ரிசீவரை மோட்டார் வயரிலிருந்து தள்ளி வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரின் ஆன்டெனாவில் நுனியில் சுமார் 31 மில்லிமீட்டர் உறை இல்லாத பகுதிதான் உண்மையான ஆன்டெனா. அது அறுந்திருந்தாலோ உலோகத்தோடு ஒட்டிக் கிடந்தாலோ சிக்னல் மெலிந்துபோகும்.

பிரஷ்ஷும் தேய்ந்திருக்கலாம். தேய்ந்த பிரஷ் கூடுதலாகப் பொறி பறக்கவிடும்.

மழைவண்டி:
ஒரு கெப்பாசிட்டரின் கால் மோட்டார் உடம்பிலிருந்து விட்டுப்போயிருக்கிறது! நன்றி அண்ணா, பற்றவைத்துவிட்டு வருகிறேன்.

மண்தடம்:
சோதனை முடிந்தது. மோட்டார் வயர் கழற்றிய நிலையில், 3எஸ் மாட்டி, ஸ்டியரிங் மட்டும். ஆரம்பத்தில் காலி சேனலில் 5.98 வோல்ட். கோடிக்குத் திருப்பிப் பிடித்தால் 5.2. ஆறாவது நிமிடத்தில் 4.4, உடனே ரிசீவர் செத்தது. இஎஸ்சியின் ஒரு மூலையைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. ஆறவிட்டு 2எஸ் மாட்டி அதே சோதனையைப் பதினைந்து நிமிடம் செய்தேன். சாகவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். ஸ்டியரிங் கோடியில் இருக்கும்போது சர்வோ "ஊம்" என்று முனகிக்கொண்டே இருக்கிறது.

ஈயக்கம்பி:
அந்த முனகல் சர்வோ படுற வேதனை. சக்கரம் இதுக்கு மேல திரும்பாதுன்னு இரும்பு தடுக்குது, சர்வோ இன்னும் திருப்பணும்னு தள்ளிக்கிட்டே இருக்கு. அந்த நேரம் முழுக்க அதிகபட்ச மின்சாரம் இழுக்கும். ரிமோட்ல எண்ட் பாயிண்ட்னு, ஸ்டியரிங் எவ்வளவு தூரம் திரும்பணும்னு வைக்கிற ஒரு அமைப்பு இருக்கும். ரெண்டு பக்கமும் முனகல் நிக்கிற வரைக்கும் அதைக் குறைங்க. சர்வோவும் நீண்ட நாள் வாழும்.

அதோட வெளி பிஇசி ஒண்ணு போடுங்க, ஸ்விட்சிங் வகை. அது வோல்ட்டை எரிக்காது, வெட்டி வெட்டி அனுப்பும், அதனால சூடு ரொம்பக் கம்மி. 6 வோல்ட்ல வைங்க, உங்க சர்வோ தாங்குற வோல்ட்டைத் தாண்ட வேண்டாம்.

பொருத்தும்போது இஎஸ்சியில இருந்து ரிசீவருக்கு வர்ற மூணு வயர்ல நடு சிவப்பு வயரைப் பிளக்கில இருந்து உருவி டேப் சுத்திடுங்க. ரெண்டு பிஇசியும் ஒரே வயர்ல ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டு நிக்கக் கூடாது. கருப்பும் வெள்ளையும் அப்படியே இருக்கணும், கருப்பை எடுத்துட்டா சிக்னலுக்குத் தரையே இல்லாம போயிடும்.

நாலாம்கியர்:
இதில் நான் கற்ற ஒரு பாடத்தையும் சேர்க்கிறேன். வெளி பிஇசியை நேராக பேட்டரி வயரில் பற்றவைத்தால், இஎஸ்சி சுவிட்சை அணைத்தாலும் அது அணையாது. ரிசீவரும் சர்வோவும் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இஎஸ்சிக்கு இருக்கிற குறை வோல்ட் வெட்டும் காவல் இந்த பிஇசிக்குக் கிடையாது. ஓட்டிவிட்டு வந்து பேட்டரியைக் கழற்றாமல் இரவு முழுக்க விட்டேன், காலையில் ஒவ்வொரு செல்லும் 2 வோல்ட்டுக்குக் கீழே. அந்த பேக்கை அதன் பிறகு சார்ஜ் செய்யவில்லை. செய்யவும் கூடாது, அப்படி இறங்கிய லிபோ சார்ஜில் தீப்பிடிக்கலாம். வண்டி நின்றதும் பேட்டரியைக் கழற்றிவிடுவது என்று அன்றிலிருந்து வழக்கமாக்கிக்கொண்டேன்.

மண்தடம்:
எல்லாம் செய்தாயிற்று. எண்ட் பாயிண்டைக் குறைத்தேன், வெளி பிஇசி போட்டேன், சிவப்பு வயரை உருவினேன். நேற்று மாலை 3எஸ்ஸில் ஓட்டினேன். ரிசீவர் ஒரு முறைகூடச் சாகவில்லை. சந்தோஷம் தாங்கவில்லை.

ஆனால் பத்தாவது நிமிடம் போல் வேறொன்று தொடங்குகிறது. நேர்ப்பாதையில் முழு த்ராட்டில் கொடுத்தால் மோட்டார் மட்டும் துவண்டுவிடுகிறது, ஸ்டியரிங் நன்றாக இருக்கிறது. கொஞ்சம் விட்டுவிட்டு மெதுவாக ஓட்டினால் ஓடுகிறது. செல்களை அளந்தால் 3.75 காட்டுகிறது. பேட்டரி இன்னும் தீரவில்லை. இது உங்கள் முதல் வகையா?

ஈயக்கம்பி:
ஆமா, முதல் வகையேதான். முன்னாடி நாலு நிமிஷத்துல வண்டி நின்னுடுறதால இந்த இடம் வரைக்கும் நீங்க வந்ததே இல்ல, அதான் இது ஒளிஞ்சிருந்திருக்கு. இஎஸ்சி, மோட்டார் ரெண்டையும் தொட்டுப் பாருங்க. மோட்டார் 80 டிகிரிக்கு மேல போகாம இருக்குறது நல்லது, காந்தம் வலு இழக்கும். சூடு இல்லேன்னா, குறை வோல்ட் வெட்டுதான்.

அமைப்புல ஒரு செல்லுக்கு என்ன வெட்டு வைச்சிருக்கீங்க?

மண்தடம்:
3.2. மோட்டார் வெதுவெதுப்புதான், கையை வைத்து நிதானமாகப் பிடிக்க முடிகிறது. இஎஸ்சியும் பிஇசி சூடு போனபிறகு சாதாரணமாக இருக்கிறது. ஆனால் பேட்டரிப் பிளக் மட்டும் வயரைவிட நன்றாகவே சூடாக இருக்கிறது.

ஈயக்கம்பி:
அங்கதான். 3 செல்லுக்கு 3.2 வெச்சா 9.6 வோல்ட்ல வெட்டும். பேட்டரி ஓய்வுல 11.25 இருக்கு. முழு த்ராட்டில்ல 70 ஆம்பியர் இழுக்குதுன்னு வைங்க, நல்ல பேட்டரி தன்னோட உள்மின்தடையால முக்காவோல்ட் விடும். மீதி ஒரு வோல்ட் எங்கயோ தொலையணும், அப்பதான் இஎஸ்சி 9.6ஐப் பார்க்கும். ஒரு வோல்ட் தொலைய 14 மில்லிஓம் போதும். அந்த இடத்துல அந்தக் கணத்துல 70 வாட் சூடு. உங்க விரல் அந்த இடத்தைக் கண்டுபிடிச்சிருச்சுன்னு நினைக்கிறேன்.

அளந்தே பார்த்துடலாம். ஒரு உறை போட்ட முதலைக் கிளிப்பைப் பேலன்ஸ் பிளக்கோட சிவப்பு முனையிலயும், இன்னொண்ணை இஎஸ்சி பலகையில சிவப்பு வயர் பற்றவைச்ச இடத்துலயும் மாட்டி, மீட்டரை வோல்ட்ல, மேக்ஸிமம் பிடிக்கிற நிலையில வைச்சு, வண்டியிலயே கட்டி ஓட்டுங்க. ஒரே வயரோட ரெண்டு முனைதான், அதனால பூஜ்யத்துக்குப் பக்கத்துல இருக்கணும். பிறகு கருப்புப் பக்கமும் அதே மாதிரி. சிவப்பு கிளிப் கருப்பைத் தொட்டுடக் கூடாது, ரொம்ப ஜாக்கிரதை.

மண்தடம்:
கருப்புப் பக்கம் 0.08 வோல்ட். சிவப்புப் பக்கம் 0.94. இஎஸ்சி பக்கத்து எக்ஸ்டி60 பிளக்கின் மேலுறையை வெட்டிப் பார்த்தேன். சிவப்பு வயரின் ஈயம் மங்கலாக, மணல் மணலாக, கிண்ணத்தின் ஓரத்தில் மட்டும் ஒட்டியிருக்கிறது. லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. நான் பற்றவைத்ததுதான் இது, 25 வாட் பேனா இரும்பில்.

பாறைப்பல்லி:
12 கேஜ் வயருக்கு 25 வாட் போதவே போதாது. வயரும் பிளக்கும் சூட்டை வாங்கிக்கொண்டே இருக்கும், ஈயம் உருகும், ஆனால் செம்பில் ஊறாது. குறைந்தது 60 வாட், அகலமான முனை. வயரை முதலில் தனியாக ஈயம் பூசி ஊற வையுங்கள். பிளக்கின் கிண்ணத்தைப் பாதி ஈயத்தால் நிரப்புங்கள். பிறகு இரண்டையும் சேர்த்துச் சூடு வைத்து, ஆறும்வரை அசைக்காமல் பிடியுங்கள். எதிர்ப் பிளக்கை மாட்டி வைத்துக்கொண்டு பற்றவைத்தால் பிளாஸ்டிக் உருகினாலும் முனைகள் கோணாது. ஆனால் அந்த எதிர்ப் பிளக் பேட்டரியுடையதாக இருக்கக் கூடாது, சும்மா கிடக்கிற ஒன்றாக இருக்கட்டும். சுருக்கு உறையை முன்கூட்டியே வயரில் கோத்துக்கொள்ளுங்கள், பிறகு நுழையாது.

ஓடைக்கல்:
இந்த இழையைப் படித்துவிட்டு என் பிரச்சினையையும் சொல்கிறேன். 6 செல் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. புதிய இஎஸ்சி போட்டதிலிருந்து ஐந்து நிமிடத்தில் மோட்டார் துவண்டுவிடுகிறது, ஸ்டியரிங் இருக்கிறது. முதல் வகை என்று நினைக்கிறேன். பிளக் சூடாகவில்லை.

நாலாம்கியர்:
இஎஸ்சியில் பேட்டரி வகை லிபோவில் இருக்கிறதா பாருங்கள். 2எஸ் லிபோ என்று நினைத்துக்கொண்டால் 6.4 வோல்ட்டில் வெட்டும். உங்கள் பேட்டரி 7.2 வோல்ட், த்ராட்டில் கொடுத்தால் 6.4ஐத் தாண்டிக் கீழே போவது அதன் இயல்பு, உள்ளே இன்னும் நிறைய இருக்கும்போதே. பலகையில் சின்னப் பிளக் மாற்றும் வகையா, ரிமோட்டால் மாற்றும் வகையா என்று கையேட்டில் பாருங்கள்.

திருப்பிச் செய்துவிடாதீர்கள் என்பதுதான் முக்கியம். லிபோ போட்டுக்கொண்டு அமைப்பை நிக்கல் பக்கம் விட்டால் வெட்டே வராது, பேட்டரி அழியும். இன்னொன்று: சில இஎஸ்சி மாட்டும் நேரத்து வோல்ட்டை வைத்துத்தான் எத்தனை செல் என்று எண்ணும். அடியோடு தீர்ந்த 3எஸ்ஸை மாட்டினால் அதை 2எஸ் என்று எண்ணி 6.4 வரை இறங்கவிடும். மாட்டும்போது எத்தனை பீப் என்று எண்ணுங்கள்.

ஓடைக்கல்:
லிபோவில்தான் இருந்தது. மாற்றிவிட்டேன், இப்போது பழையபடி பதினைந்து நிமிடம் ஓடுகிறது.

மண்தடம்:
நண்பரிடம் 80 வாட் இரும்பு வாங்கி இரண்டு பக்கமும் புதிதாகப் பற்றவைத்தேன். ஈயம் இப்போது கண்ணாடி போல் மினுங்குகிறது. திரும்ப அளந்தேன்: சிவப்பு 0.09, கருப்பு 0.08. இன்று காலை 3எஸ்ஸில் பதினெட்டு நிமிடம், ஒரு முறைகூட நிற்கவில்லை. கடைசியில் மோட்டார் துவண்டபோது அளந்தேன், செல்கள் 3.5. இந்த முறை வெட்டு வர வேண்டிய இடத்தில்தான் வந்திருக்கிறது.

மாற்றி எறிய இருந்த இஎஸ்சி அப்படியே வண்டியில் இருக்கிறது. வீணாக மாற்றிய பழைய ரிசீவர் சும்மா கிடக்கிறது, நல்லதுதான். மழைவண்டி, உங்கள் பற்று என்ன ஆயிற்று? கெப்பாசிட்டர் போட்ட பிறகும் நடுக்கம் இருந்தால் சொல்லுங்கள், அந்த ரிசீவரை அனுப்பி வைக்கிறேன்.

மழைவண்டி:
நடுக்கம் போய்விட்டது. ஆனால் நேற்று ஈரப் புல்லில் ஓட்டினேன், இப்போது ரிசீவர் பெட்டிக்குள் நீர்த்துளி தெரிகிறது. வண்டியை இன்னும் இயக்கவில்லை.

ஈயக்கம்பி:
இயக்காதீங்க, அதுதான் சரி. பேட்டரியைக் கழட்டுங்க. பெட்டி மூடியைத் திறந்து ரிசீவரை வெளியே எடுத்து, மின்விசிறிக்கு முன்னாடி ஒரு நாள் வைங்க. வயர் உள்ளே நுழையுற இடத்துல ரப்பர் மடிஞ்சிருக்கான்னு பாருங்க, தண்ணி பெரும்பாலும் அந்த வழியாத்தான் வரும். திரும்ப மூடும்போது அந்த ரப்பர்ல கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவுங்க. நாளைக்குக் காஞ்ச பிறகு பின்கள்ல பச்சை பூத்திருக்கான்னு ஒரு படம் எடுத்துப் போடுங்க, பார்த்துச் சொல்றேன்.